நம்பரை ஒட்ட மாட்டேன்

ரிட்டயர்டு என்று சொன்னால் எல்லோரும் முதலில் என் தலையைத்தான் பார்க்கிறார்கள். நரை இல்லை. வயது முப்பத்தாறு. டிப்ளமோ முடித்த கையோடு ராணுவத்தில் சேர்ந்து, பதினைந்து வருடம் வண்டி மெக்கானிக்காக இருந்துவிட்டு, இரண்டு வருடம் முன்பு திருவண்ணாமலைக்குத் திரும்பினேன். எங்கள் மாவட்டத்தில் இது அதிசயமே இல்லை. தெருவுக்கு இரண்டு பேர் இப்படி இருப்போம். ஒருத்தர் பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்பார், இன்னொருத்தர் பிளாட் விற்பார். நான் இரண்டையும் செய்யவில்லை. உலகப் போர்க் காலத்து இங்கிலாந்து மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி ஒன்றரை வருடம் அதோடு மல்லுக்கட்டினேன்.

எங்கள் பழைய ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. போன மாதம் அதில் ஒரு ஜூனியர் எழுதினான். "அண்ணா, இப்போல்லாம் லேப்டாப்பை மாட்டினா வண்டியே தனக்கு இன்னா நோய்னு சொல்லிடுது. நீங்க போய் இரும்புக் கடைச் சரக்கை வாங்கி வச்சிருக்கீங்களாமே. அதுவும் ஜோடி சேராத நம்பராம். வித்தா யாரும் வாங்க மாட்டானாம். நெஜமா?" அதற்குக் கீழே பதினெட்டு பேர் சிரித்திருந்தார்கள்.

நெஜம்தான். ஜோடி சேராத நம்பர்தான், வண்டியோடு பிறந்த இன்ஜின் அதில் இல்லை. ஏன் என்று இங்கே எழுதிவிடுகிறேன், ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியாகப் பதில் போட எனக்குப் பொறுமை இல்லை. லேப்டாப்பை நான் குறை சொல்லவில்லை, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வண்டி நோயைப் படிக்கிற அந்த ஸ்கேனர் எனக்குப் பிடிக்கும். பழசு எல்லாம் உசத்தி என்று பேசுகிற ஆள் நான் இல்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடினோம், சப்பாத்தி தின்றோம், இன்ஜினைப் பிரித்தோம், மாட்டினோம், இந்தி கற்றோம். மற்றவர்கள் ஒரு கியர்பாக்ஸ் இறக்கும் நேரத்தில் நான் ஒன்றை இறக்கி ஏற்றிவிட்டு டீ குடித்துக்கொண்டிருப்பேன். அதனால் எனக்கு வைத்த பெயர் 'ஜல்தி'. அது பாராட்டு என்று நாலு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது வருடம் வடக்கே ஒரு மலைமேல் இருந்த ஒர்க்‌ஷாப்பில் போட்டார்கள். எங்கள் பிரிவுக்குத் தலைமை நெகி சாப், ஐயா என்பதற்கு அங்கே சாப். மலைநாட்டுக்காரர், சுபேதார். குரலை உயர்த்தமாட்டார். வண்டிக்கு அடியில் நாம் வேலை செய்யும்போது பக்கத்தில் வந்து நிற்பார், அவர் பூட்ஸ் மட்டும் நமக்குத் தெரியும். ஐந்து நிமிடம் அந்த பூட்ஸ் நகராது. தப்பு செய்தாயா இல்லையா என்று சொல்லாமலே போய்விடுவார். திட்டுகிற ஆளைச் சமாளித்துவிடலாம், இவரைச் சமாளிக்க முடியாது.

அங்கே ஒரு முறை இருந்தது. போல்ட்டைச் சரியான அளவுக்கு இறுக்கியதும், நட்டின் தலையில் தொடங்கி பக்கத்து இரும்பு வரை மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுக்க வேண்டும். நட்டு கொஞ்சம் நகர்ந்தாலும் கோடு இரண்டாக விலகும். சோதிக்கிறவர் ஸ்பேனரே எடுக்க வேண்டாம், கோட்டைப் பார்த்தால் போதும். இறுக்கு, கோடு போடு, அடுத்ததற்குப் போ. இவ்வளவுதான் முறை.

குளிரில் பெயிண்ட் தேன் மாதிரி கெட்டியாகிவிடும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து இளக்கிக்கொண்டு வந்தால் சில நிமிடம்தான் தாங்கும். எட்டு போல்ட்டுக்கு எட்டு முறை ஓட வேண்டும். ஜல்தி என்ன செய்தான்? பெயிண்ட் இளகி இருக்கும்போதே எட்டு கோட்டையும் முதலில் போட்டுவிட்டு, அப்புறம் படுத்துக்கொண்டு வரிசையாக இறுக்கினான். நட்டு சுற்றும்போது கோடு விலகத்தான் செய்யும். அதன்மேல் விரலால் ஒரு தேய் தேய்த்துவிட்டால் தூரத்தில் இருந்து பார்ப்பதற்கு ஒன்றாகத் தெரியும். மூன்று லாரிக்கு இப்படிச் செய்தேன். மூன்றும் மலையேறிப் போய்விட்டன. நாலாவது லாரியின் அடியில் நெகி சாப் டார்ச்சோடு நுழைந்தார்.

அது கியர்பாக்ஸில் இருந்து பின் சக்கரத்துக்குப் போகிற நீளத் தண்டு. இரண்டு முனையிலும் நாலு நாலு போல்ட். அவர் வெளியே வராமலே என்னைக் கூப்பிட்டார். நானும் உள்ளே ஊர்ந்தேன். ஏழு கோடு தேய்ந்து பிசிறடித்திருந்தது. ஒன்று மட்டும் அச்சடித்த மாதிரி அவ்வளவு சுத்தம். அவர் அந்தச் சுத்தமான கோட்டின்மேல் விரலை வைத்து நட்டைத் திருப்பினார். வெறும் விரலுக்கே சுற்றியது. நான் இறுக்க மறந்துபோன ஒரே போல்ட் அது. மறந்ததால்தான் அதன் கோடு சிதையாமல் இருந்தது.

அவர் திட்டியிருந்தால் எனக்கு வசதியாகப் போயிருக்கும். மெதுவாக, இறுக்கிவிட்டு ஜாப் கார்டில் கையெழுத்துப் போடு, எதையும் எழுதாதே, அடுத்த வாரம் உன் பெயரை மேல் கோர்ஸுக்கு அனுப்பப்போகிறேன் என்றார். நல்ல மனுஷன். என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். நான் இதே மாதிரி மூன்று வண்டி போயிருக்கிறது சாப் என்றேன். அவர் டார்ச்சை அணைத்துவிட்டார். இருட்டில் இரண்டு பேரும் மல்லாந்து கிடந்தோம்.

"எழுதினா மூணு வண்டியும் திரும்பி வரணும். உன்கூட இருக்கறவன் எல்லாம் பனியில படுத்து மறுபடி பாக்கணும். எல்லாம் சரியா இருந்துச்சுன்னா?" என்று இந்தியில் கேட்டார்.

"சரியா இருந்தா சந்தோஷம் சாப்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கார்டில் எழுதினேன். முதலில் கோடு, அப்புறம் இறுக்கு, நாலு வண்டி, என் பெயர்.

மூன்று லாரியையும் திருப்பி வரவழைத்தார்கள். இரண்டு நாள் எல்லோரும் படுத்துக் கிடந்து பார்த்தார்கள். இருபத்து நாலு போல்ட்டும் நன்றாகவே இறுகியிருந்தன. கோர்ஸுக்கு என் பெயர் போகவில்லை. கூட இருந்தவர்கள் என் தட்டுப் பக்கத்தில் உட்காரவில்லை. நெகி சாப் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அப்புறம் ஒருநாள் பேசினார், ஆனால் டயரைப் பற்றித்தான். நான் செய்தது சரி என்று அங்கே ஒருத்தரும் சொல்லவில்லை. அதனால் அது தப்பாகிவிடாது. இன்றைக்கும் நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

இனி மோட்டார் சைக்கிள்.

ஊர் திரும்பி மூன்றாவது மாதம், கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் ஏழுமலை அண்ணன் கொட்டகையில் அதைப் பார்த்தேன். அவர் மணிலா பயிர் வைக்கிறவர், வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பாதையோரம் கரும்பு ஜூஸ் கடை போடுவார். ஜூஸ் குடிக்கப் போனவன் பின்னால் உரமூட்டைகளுக்கு நடுவில் அந்த முன் ஃபோர்க்கைப் பார்த்துவிட்டேன். இப்போதைய வண்டிகளில் இருக்கிற குழாய் மாதிரி இல்லை, ஏணி மாதிரி இரண்டு பக்கமும் சட்டம், நடுவில் ஒரே ஸ்பிரிங். போர் முடிந்ததும் ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட ஐந்நூறு சி.சி. வண்டி. கம்பெனி பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் அடுத்த வண்டி விலை ஏறிவிடும். அதுவும் பட்டாளத்து ரிட்டயர்டு, நானும் பட்டாளத்து ரிட்டயர்டு. டம்ளரைக் கீழே வைக்காமலே விலை கேட்டேன்.

"கொட்டகை காலியானா போதும் தம்பி. அப்பா வண்டி. புக்கு கூட இருக்குது" என்றார் அவர்.

வண்டியின் ஆர்.சி. புத்தகம் காலமான அவர் அப்பா பெயரில் இருந்தது. சட்டத்தில் பதித்திருந்த சேஸிஸ் நம்பரைத் துணியால் துடைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. இன்ஜின் நம்பரில் முதல் நாலு எழுத்து சரியாக இருந்தது, மிச்சத்தைப் பச்சைப் பெயிண்ட் மூடியிருந்தது. நாலு சரியாக இருந்தால் மிச்சமும் சரியாகத்தானே இருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பதினைந்து வருட சர்வீஸ் செய்தவன் செய்கிற காரியமா இது? ஜல்தி செய்கிற காரியம்.

வீட்டில் என் மனைவி கவிதா, வாசலில் இறக்கிய வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "இதுல ஓடற பாகம் எதுங்க?" என்று கேட்டாள். இப்போதைக்கு எதுவும் இல்லை என்றேன். சரி, அப்போ சீக்கிரம் தொலைந்துபோகாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முதல் வாரமே தோற்றேன். என்னிடம் இருந்த ஒரு ஸ்பேனரும் அந்த நட்டுகளுக்குப் பொருந்தவில்லை. பதிமூன்று மில்லிமீட்டர் பெரிசு, பன்னிரண்டு சிறிசு. பதிமூன்றைப் போட்டு ஒரு அழுத்து அழுத்தினேன், நட்டின் மூலை மழுங்கி உருண்டையாகிவிட்டது. பழைய இங்கிலாந்து அளவு வேறு, மரையும் வேறு. அந்த ஸ்பேனருக்கு நெட்டில் தேடி, இங்கிலாந்தில் இருந்து வரவழைக்க ஆர்டர் போடும் வரைக்கும் போனேன். ஏழுமலை அண்ணன் ஏதோ வேலையாக வந்தவர், எட்டிப் பார்த்துவிட்டுப் போய் ஒரு மணி நேரத்தில் ஒரு சாக்குப்பையோடு திரும்பினார். கிணற்று ஆயில் இன்ஜினுக்கு அவர்கள் வீட்டில் வைத்திருந்த ஸ்பேனர் செட். அந்த இன்ஜினும் அதே இங்கிலாந்து அளவில் செய்தது. கச்சிதமாக உட்கார்ந்தது. "பட்டாளத்துல இது குடுக்கலியா?" என்று கேட்டு ஒரு வாரம் என்னைக் கிண்டல் செய்தார்.

பிஸ்டன் சிலிண்டரோடு துருவில் ஒட்டிக்கிடந்தது. பிளக் ஓட்டை வழியாக மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றி பதினோரு நாள் விட்டேன். தினம் காலையில் கிக்கரின்மேல் ஏறி நின்று பார்ப்பேன். பன்னிரண்டாவது நாள் அரை விரல் இறங்கியது, நான் போட்ட சத்தத்துக்கு எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார். பேட்டரி இல்லாமல் தானே மின்பொறி தருகிற மேக்னட்டோவை மூன்று முறை பிரித்தேன். கம்பி சுற்றித் தந்தவர், வெயிலில் இது சூடானால் மக்கர் பண்ணும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். டேங்க் அடியில் இருந்த ஓட்டைகளைப் பற்றவைத்தேன். ஒரு ஆவணி மாதக் காலையில் அது உயிரோடு எழுந்து நின்றது. சத்தம் என்றால் படபட என்று இல்லை, ஒவ்வொரு அடியும் தனித்தனியாக எண்ணிக்கொள்ளலாம்.

அப்புறம்தான் அடிப்பெட்டியைச் சுரண்டினேன். கிராங்க் கேஸ் என்று சொல்வோம், இன்ஜின் நம்பர் பதித்திருப்பது அதில்தான். பச்சைப் பெயிண்ட் உரிந்தது. முதல் நாலு எழுத்துக்கு அப்புறம் ஒன்றுகூட புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை.

பெயர் மாற்றத்துக்கு வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். வண்டி ஆய்வாளர் ஒரு மேடம், என் வயதுதான் இருக்கும். நேராகவே பேசினார். இந்த இன்ஜின் எங்கே இருந்து வந்தது, புத்தகத்தில் இருக்கிற இன்ஜின் எங்கே போனது, இரண்டுக்கும் பதில் வேண்டும், இல்லாவிட்டால் இந்த வண்டி ரோட்டுக்கு வர முடியாது என்றார். சட்டப்படி சரியான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. ஒரு வருட உழைப்பு வாசலில் நிற்கிறது, தெருமுனையைத் தாண்டக்கூடாது.

ரமணாசிரமம் பக்கம் கஃபே நடத்துகிற ரவி, வெளிநாட்டுக்காரர்களுக்கு பைக் வாடகைக்கு விடுகிறவர். முதல் நாளில் இருந்தே என் வண்டிமேல் அவருக்குக் கண். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "பாஸ், நம்பர் ஜோடியா இருந்தா நானே வாங்கிக்கறேன். இல்லன்னா இது பார்ட்ஸ். பழைய கிராங்க் கேஸ் கிடைச்சா நம்பர் இருக்கற எடத்த வெட்டி எடுத்து இதுல வெச்சு ஒட்டிடலாம். அரை நாள் வேலை. இந்த ஊர்ல ஓடற பழைய வண்டியில பாதி அப்படித்தான்."

பாதி என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை. ஆனால் பழைய கேஸ் என்ற வார்த்தை மனதில் உட்கார்ந்துவிட்டது. நேராக அடி அண்ணாமலைக்குப் போனேன்.

ஏழுமலை அண்ணன் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். கேட்டதும் முகம் மாறிவிட்டது. கொஞ்ச நேரம் மணிலாக் கொடியைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தார். அப்புறம் சொன்னார். கரண்ட் ஒழுங்காக இருந்த காலமா அது? பௌர்ணமி அன்றைக்குக் கூட்டம் வரும்போது கரண்ட் போய்விடும். அப்பா மோட்டார் சைக்கிளில் இருந்து இன்ஜினைக் கழற்றி, பெல்ட் மாட்டி, கரும்பு மெஷினை ஓட்டினார். இரண்டு வருடம் ஓடியது. ஒரு சித்திரை பௌர்ணமியில் ஆயில் இல்லாமல் ஓடி உள்ளே பிஸ்டனோடு சேர்ந்த ராடு உடைந்து பெட்டியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. வேலூரில் பழைய ராணுவச் சாமான் கடையில் இதே ஜாதி இன்ஜின் ஒன்று வாங்கிவந்து வண்டியில் மாட்டினார். வண்டிப் பதிவு ஆபீசில் சொல்லவே இல்லை.

"உடைஞ்சது எங்கண்ணா?"

கடையைக் காட்டினார். ஜூஸ் கடைத் தார்ப்பாய் காற்றில் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் எடை தொங்கவிட்டிருந்தார். மூன்று மூலையில் கல். நாலாவதில், போல்ட் ஓட்டை வழியாகக் கயிறு கோத்து, பாதி கிராங்க் கேஸ். கரும்புச் சாறு பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. கட்டைவிரலால் தேய்த்தேன். புத்தகத்தில் இருந்த நம்பர் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

"இத்த வெட்டி ஒட்டிடு தம்பி, எவனுக்குத் தெரியும்?" என்றார் அவர்.

"ஒட்ட மாட்டேன். நீங்க நடந்ததை ஒரு பத்திரத்துல எழுதிக் குடுங்க."

"செத்தவர் மேல கேஸ் போடுவாங்களா?"

"செத்தவர் மேல போட மாட்டாங்க."

"ஊர்ல இன்னா பேசுவாங்க? அப்பா ஊரை ஏமாத்தினாருன்னு பேசுவாங்க. உனக்கு ஒரு வண்டி, எனக்கு அப்பன்."

அவர் சொன்னது நியாயம்தான். கூட்டம் தாகத்தோடு நிற்கும்போது மெஷினை ஓட்டுவதற்கு வண்டியைக் கழற்றிய மனுஷனை நான் குற்றவாளியாகப் பார்க்கவில்லை, எனக்குத் தெரிந்த நல்ல மெக்கானிக்குகளில் ஒருத்தர் அவர் என்றேன். ஆனால் நான் ஒட்டினால் அவர் செய்த வேலை அத்தனையும் இல்லை என்று ஆகிவிடும், அந்தப் பழைய இன்ஜின் கரும்பு ஆட்டியதே இல்லை என்று நானே பொய் நம்பர் வெட்டி எழுதியதாக ஆகிவிடும் என்றேன். அவர் என்னை நம்பினாரா தெரியாது. மறுநாள் போன் செய்து, பத்திரத்தை நீயே எழுதிக் கொண்டுவா, ஆனா அப்பா திருடினாருன்னு ஒரு வார்த்தை இருக்கக்கூடாது என்றார்.

அன்றைக்கு மாலை கவிதாவிடம் சொன்னேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டே, "ஒட்டலன்னா ஓடுமா ஓடாதா?" என்றாள். தெரியாது என்றேன். ஒட்டினால் நீங்க தினம் அந்த எடத்தையே பார்த்துட்டு உக்காந்திருப்பீங்க, எனக்கு அதுதான் தொல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த தாளைப் புரட்டினாள்.

வண்டியை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிப் போய், உடைந்த பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, பத்திரத்தோடு ஆபீசுக்குள் போனேன். மேடம் மேஜைமேல் வைத்தேன். கரும்பு வாசனை அடித்தது. "புக்குல இருக்கற இன்ஜின் இதுதான். செத்துப்போச்சு. எப்படிச் செத்ததுன்னு இதுல எழுதியிருக்குது. இப்போ வண்டியில இருக்கறது வேற. அதோட நம்பரை நீங்களே வந்து பாருங்க."

அவர் உடைந்த இடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "இதை வெட்டி ஒட்டிட்டு வந்திருந்தீங்கன்னா நான் கண்டுபிடிச்சிருப்பேன்" என்றார்.

"கண்டுபிடிச்சிருக்க மாட்டீங்க மேடம். எங்க ஊர் வெல்டர் கை அவ்ளோ சுத்தம்."

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். ஆபீஸ் வாசலில் நின்ற வண்டியிடம் வந்து, குனிந்து, நம்பரை எழுத்தெழுத்தாக எழுதிக்கொண்டார். இந்த இன்ஜின் எங்காவது திருடுபோன வண்டியுடையதா என்று போலீசில் கேட்க வேண்டும், நாளாகும் என்றார். ஆகட்டும் என்றேன். ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் தினம் காலையில் வாசலில் ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்தேன். ரவி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "பாஸ், இது நாய் வளக்கற மாதிரி. வெளிய கூட்டிட்டுப் போகவும் முடியாது" என்றார். என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். அவர் கஃபே வாசலில் நிற்கிற மூன்று வண்டியில் எந்த நம்பர் ஒட்டினது என்று நான் ஒரு முறையும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லமாட்டார்.

ஆர்.சி. வந்தது. பழைய இன்ஜின் நம்பர் நீக்கப்பட்டது என்று ஒரு வரி, புது நம்பர் இன்னொரு வரி. இனி இந்த வண்டியை எந்தக் கண்காட்சிக்குக் கொண்டுபோனாலும் முதல் வரிசையில் நிறுத்தமாட்டார்கள். விற்கப் போனால் புத்தகத்தைத் திறந்ததும் மூடிவிடுவார்கள். ஜூனியர் எழுதியது இதைத்தான். அவன் எழுதியதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஆனால் நான் விற்கப்போகிறேன் என்று அவனுக்கு யார் சொன்னது?

ரோட்டுக்கு வந்த முதல் நாள் செங்கம் ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனேன். பத்து மணி வெயில். ஆசிரமம் தாண்டியதும் வாகனச் சோதனை. கான்ஸ்டபிள் கையைக் காட்டினார், நிறுத்தினேன், இன்ஜின் நின்றது. புத்தகத்தைத் திறந்தவர் நெற்றியைச் சுருக்கினார்.

"இன்னா சார், ரெண்டு நம்பர் போட்டிருக்குது?"

"பழைய இன்ஜின் உடைஞ்சுபோச்சு சார். கீழ இருக்கறதுதான் இப்போ இருக்கறது."

அவர் மண்டிபோட்டு, தொப்பியைக் கழற்றிவிட்டு, கிராங்க் கேஸ் பக்கம் தலையைச் சாய்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்தார். புத்தகத்தைப் பார்த்தார். மறுபடி படித்தார். ரோட்டில் நாலு ஆட்டோ, இரண்டு வெளிநாட்டுப் பெண்கள், ஒரு இளநீர் வண்டிக்காரர் எல்லோரும் அந்த நம்பரைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"சரியா இருக்குது. போங்க" என்றார்.

கிக்கரை உதைத்தேன். வரவில்லை. மேக்னட்டோ சூடாகிவிட்டது. இரண்டு, மூன்று, ஏழு. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. கான்ஸ்டபிள் பாவம் பார்த்து, "ஸ்டார்ட் ஆவலன்னா ஓரமா தள்ளிக்கினு போங்க சார்" என்றார்.

தள்ளவில்லை. ஒன்பதாவது உதைக்கு இன்ஜின் பிடித்தது, ஓட்டிக்கொண்டு போனேன்.